பெண் பார்க்க வந்த நாளும் என் மைனஸ் நாலும்

கள்ளக்குறிச்சியில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது என் வேலை. சோதனை பிரேமை மூக்கில் மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிச் செருகி, இது தெளிவா, முன்பு போட்டது தெளிவா என்று நாள் முழுக்கக் கேட்பேன். கல்வராயன் மலையிலிருந்து பஸ் பிடித்து வருகிற, எழுத்துத் தெரியாத பெரியவர்கூடப் பலகையில் கோடு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று விரலால் காட்டிவிட்டு, போட்ட கண்ணாடியோடு சிரித்துக்கொண்டே போவார். கல்யாண வயதில் பெண் வைத்திருக்கிற அம்மாக்கள்தான் முரண்டு பிடிப்பார்கள். பெண்ணுக்குப் பவர் இருக்கிறது என்றால் குடும்ப மானமே போய்விட்ட மாதிரி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அப்படி ஓர் அம்மா என் வீட்டிலேயே இருந்ததுதான் கூத்து.

எனக்குக் கிட்டப்பார்வை, இரண்டு கண்ணிலும் மைனஸ் நாலு. கண்ணாடியைக் கழற்றினால் ஒரு சாணுக்கு அப்பால் இருக்கிற முகமெல்லாம் வெறும் கலங்கல். சங்கராபுரத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும், மணலூர்பேட்டை வீட்டில் அம்மா என் கண்ணாடியைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். யாரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நான் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன்.

"அவங்கதான் உன்ன பாக்க வராங்க. நீ இன்னா பாக்கப் போற?" என்றாள். அடடா, என்ன நியாயம்!

கூடத்தில் நாலைந்து நிறங்கள் உட்கார்ந்திருந்தன. எது மாப்பிள்ளை என்று தெரியாமல் காபித் தட்டோடு நின்றேன். நீலச் சட்டை என்று அம்மா பின்னாலிருந்து கிசுகிசுத்தாள். குனிந்து நீட்டினேன். அவர் கை டம்ளரைத் தேடித் தட்டின் ஓரத்தைத் தடவியது. முகம் கிட்டே வந்ததும், மூக்கின் இரண்டு பக்கமும் சிவந்த பள்ளம் தெரிந்தது. கண்ணாடி அழுத்திய தடம். தினம் பார்க்கிற எனக்கா தெரியாது! அங்கேயும் ஓர் அம்மா கழற்ற வைத்திருக்கிறாள். பெண் பார்க்க வந்தவருக்குப் பெண்ணே தெரியவில்லை. வெட்கங்கெட்ட ஜனங்கள்.

உள்ளே போய், டப்பாவை நகர்த்தி, கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி கூடத்துக்கு வந்தேன். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"உங்க கண்ணாடியையும் போட்டுக்கங்க," என்றேன் அவரிடம். "ரெண்டு பேரும் ஒருதடவ ஒழுங்கா பாத்துக்கலாம்."

அவர் பேன்ட் பாக்கெட்டிலிருந்து எடுத்து மாட்டினார். தடித்த லென்ஸ், என்னைவிடப் பவர் ஜாஸ்தி. என்னைப் பார்த்தார், நன்றாகச் சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அதை ஏன் மறைக்க வேண்டும்.

அவருடைய அம்மா எழுந்து நின்றார். "கண்ணாடி போட்டுக்கினு இருக்கிற பொண்ணு நமக்கு வாணாம். நீயும் அத கழட்டி உள்ள வைடா," என்றார்.

மாப்பிள்ளை வாயைத் திறப்பார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிப் பாக்கெட்டில் வைத்தார். பிறகு, வாசற்படி எங்கே முடிகிறது என்று தெரியாமல், தன் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.