முன்னால் நிற்கும் லாரிகள்

செம்பனை எண்ணெய் ஆலையில் நான் எடை போட்டுக் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். பழக்குலை ஏற்றி வரும் லாரி ஓட்டுநர்களில், வாசல் வரிசையில் காத்திருக்க அலுத்துக்கொள்ளாதவர் ஒரே ஒருவர்தான். ஒரு கால் உடைந்த மூக்குக்கண்ணாடியை ரப்பர் பட்டையால் கட்டியிருப்பார். வந்து நின்றதும் தலையை வெளியே நீட்டி, முன்னால் நிற்கும் லாரிகளை விரல்விட்டு எண்ணுவார். பிறகு ஸ்டியரிங்மேல் ஒரு நோட்டை விரிப்பார்.

"என்னண்ணே எண்ணுறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பாட்டு எழுதறேன் கிராணி. முன்னால பத்து லாரி நின்னா புது வரி எழுதுவேன். அஞ்சுன்னா பழசத் திருத்துவேன். ரெண்டே ரெண்டுன்னா மனசுக்குள்ள பாடிப் பாத்துக்குவேன். மணி பாத்து எழுத நம்ம வேலைக்குத் தோதுப்படாது லா."

"வீட்டுல உக்காந்து எழுதலாமே?"

"மகனுக்கு எழுதற பாட்டு. லுக்குட் ரோட்டுல மோட்டார் சைக்கிள்ல போனவன் உசுரோட திரும்பல. நோட்ட எடுத்தாலே அவங்கம்மா அழுதுருவா."

பிறகு, வீடுகள் கட்டுவதற்காகச் சுற்றியிருந்த தோட்டங்களில் மரங்களைச் சாய்த்தார்கள். குலை வரத்து குறைந்தது, வரிசையும் குறைந்தது. ஒரு பிற்பகல் அவர் வந்தபோது முன்னால் ஒரு லாரியும் இல்லை. பழக்கத்தில் தலையை நீட்டியவர், என் ஜன்னலைப் பார்த்தார்.

"கடைசி வரி மட்டும் பாக்கி. கொஞ்சம் பொறுத்துக் கூப்பிடுங்க கிராணி."

நான் சிரித்துக்கொண்டே பச்சை விளக்கைப் போட்டேன். எடைமேடையில் ஏறினார், இறங்கினார், போய்விட்டார். மறுமாதம் ஆலையை மூடினார்கள்.

எதற்கு அவசரப்பட்டேன் என்று இன்றும் தெரியவில்லை. அன்று அவருக்குப் பின்னால்கூட ஒரு லாரி இல்லை.