சுவர் கனம் நாலரை அடி

இது நடந்தது. என் கணவர் சாட்சி. ஆறு வருஷமாக நான் வாய் திறக்காததற்குக் காரணம் பயம் என்று நினைத்துவிடாதீர்கள். வெட்கம்.

பழைய வீடுகளை இடிப்பதற்கு முன்னால் அளந்து, வரைந்து, படமெடுத்து ஆவணமாக்குவது எங்கள் தொழில். நான் அளப்பேன், அவர் படமெடுப்பார். "நீ நல்லா அளப்பே, வாயாலயும்தான்" என்று கிண்டல் செய்வார். என் துணி டேப்பின் நுனியில், பித்தளை வளையத்துக்குப் பக்கத்தில், போன் நம்பரை எழுதி வைத்திருந்தேன். தொலைந்தால் திரும்பி வரட்டுமே என்றுதான்.

இது நடந்த வீட்டின் சொந்தக்காரர் ஓய்வு பெற்ற தபால்காரர், தனிக்கட்டை. அவருடைய ஐந்து வயதில் அம்மா யாருடனோ ஓடிப்போய்விட்டதாக அப்பா சொல்லியிருக்கிறார். தெருவும் அதையே சொல்லிச் சொல்லி அவரைக் கூனிக் குறுக வைத்திருக்கிறது. முதல் நாளே என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அம்மா காணாமப் போன வாரம் வீட்டுல கொத்து வேலை நடந்துச்சும்மா. அது மட்டும் ஞாபகம் இருக்கு. அளவு எங்கயாவது உதைச்சா எங்கிட்ட சொல்லு."

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மறுநாள் அளவு உதைத்தது. வெளியே நீளம் நாற்பத்திரண்டு அடி. உள்ளே அறைகளையும் சுவர்களையும் கூட்டினால் முப்பத்தெட்டரை. மூன்று முறை கூட்டினேன். மூன்றரை அடியைக் காணோம்.

மதியம் மூன்று பத்து. பின்னறைச் சுவரில், தரையை ஒட்டி ஒரு சின்ன ஓட்டை இருந்தது. அந்தப் பக்கம் கூடம். கணவர் அங்கே இருப்பார் என்று நினைத்து டேப்பை உள்ளே நுழைத்தேன்.

"பிடிங்க."

டேப் விறைத்தது.

"பிடிச்சாச்சா?"

"ம்..."

ஒன்றே முக்கால் அடி. மற்ற சுவர்கள் எல்லாம் ஓரடிதானே என்று யோசித்துக்கொண்டே குறித்தேன்.

அப்போது ஜன்னலுக்கு வெளியே கிளிக் என்று ஒரு சத்தம்.

என் கணவர். கேமராவோடு தோட்டத்தில் நின்றார்.

டேப் விறைப்பாகவே இருந்தது...

மெல்ல இழுத்தேன். வரவில்லை.

ஓர் அங்குலம் உள்ளே போனது.

இன்னோர் அங்குலம்...

பென்சில் சீவும் கத்தியால் அறுத்துவிட்டு ஓடினேன். மூன்று பதினாலு.

கணவர் கூடத்துக்குப் போய்ப் பார்த்தார். அந்தப் பக்கச் சுவரில் ஓட்டையே இல்லை.

தபால்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். என் கணவரும் சொல்லச் சொன்னார். சொன்னால் சுவரை உடைப்பார்கள், அந்த அறையில் நான் மறுபடி நிற்க வேண்டும். நாலு பேர் சிரிப்பார்கள். இப்படி நூறு சாக்கு. வெள்ளிக்கிழமை வரைபடம் கொடுக்க வேண்டியிருந்தது. காணாமல் போன மூன்றரை அடியை அந்தச் சுவரோடு சேர்த்து, 'கனம் நாலரை அடி' என்று எழுதிவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

வரைபடத்தை வாங்கியதும் அவர் கேட்டார்.

"எல்லாம் சரியா வந்துச்சாம்மா?"

"வந்துச்சுங்க."

வரைபடத்தை நாலாக மடித்தார்.

"அப்ப அம்மா நிஜமாவே ஓடித்தான் போயிருக்கா."

அடுத்த மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார். துக்கத்துக்குப் போனேன். முகத்தைப் பார்க்கத் தைரியம் வராமல் வாசலோடு திரும்பி வந்தேன்.

அதற்கு மூன்று மாதம் கழித்து, காலை பத்தே கால். தெரியாத எண்ணிலிருந்து போன். வீட்டை இடிக்கும் மேஸ்திரி பேசினார். கூடத்துக்கும் பின்னறைக்கும் நடுவில் கதவில்லாத ஒரு சந்து இருந்ததாம். உள்ளே ஒரு பெண்ணின் எலும்பு. ஐம்பது வருஷத்துக்கு மேல் இருக்கும் என்று போலீஸ் சொன்னதாம்.

என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன்.

"அந்தம்மா விரல்ல ஒரு பித்தளை வளையம் மாட்டியிருந்துச்சு. கூடவே டேப் துண்டு. அதுலதான் உங்க நம்பர் இருந்துச்சு."

அவள் கடைசிவரை விடாமல்தான் பிடித்திருந்தாள். பொய் அளவு எழுதியது நான்.