எட்டுப் படகுக்கு எட்டு சிடி

நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற எந்திரத்தில் கை வைக்கிறவனைவிடப் பெரிய முட்டாள் உண்டா என்றால், உண்டு. நாளைக்கு அந்த எந்திரத்தில் முக்கியமான வேலை இருக்கிறது என்று தெரிந்துகொண்டே இன்றைக்குக் கை வைக்கிறவன். அது நான்தான். யாராவது போட்டிக்கு வருவதானால் வரலாம், எனக்குப் பயமில்லை.

நான் பிறந்தது மீன்பிடிக் குடும்பத்தில். ஆனால் படகு துறைமுக வாயைத் தாண்டுவதற்குள் எனக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். மீசை அரும்பிய வயதில் பெரியப்பா என்னை ஒருமுறை விசைப்படகில் ஏற்றிக்கொண்டு போனார். நான் எடுத்த வாந்தியைப் பார்த்து மீன்களே மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போயின என்று காசிமேட்டில் சொல்லிச் சிரிப்பார்கள். அப்பா தலையில் அடித்துக்கொண்டு என்னைக் கம்ப்யூட்டர் கோர்ஸில் சேர்த்தார். "ஆடாத எடமா பாத்து ஒக்காரு" என்றார். வாழ்க்கையில் அவர் எனக்குச் சொன்ன ஒரே புத்திமதி அதுதான்.

அப்படி உட்கார்ந்த இடம் ராயபுரத்தில் ஒரு மாடி அறை. உதிரி பாகங்களைச் சேர்த்துக் கட்டிய ஒரு கம்ப்யூட்டர், அதில் ஒரு சிடி ரைட்டர். பயோடேட்டா அடிப்பது, கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் அடிப்பது, சிடி காப்பி போடுவது என்று பிழைப்பு ஓடியது.

அந்த வருஷம் மீன்பிடித் தடைக்காலத்தில் என் தங்கச்சிக்குக் கல்யாணம். எங்கள் சனத்தில் கல்யாணமெல்லாம் அப்போதுதான் குவியும். ஆம்பிளைகள் எல்லாரும் கரையில் இருப்பது அந்த நாட்களில் மட்டும்தானே. மாப்பிள்ளை வீடு திருவொற்றியூர் குப்பம். அவருடைய அண்ணன்கள், சித்தப்பாக்கள் என்று எட்டுப் படகு, எல்லாம் காசிமேட்டில் நிற்கும். ஒவ்வொரு படகிலும் டிரைவர் கூண்டுக்குள் ஒரு சின்ன டி.வி.யும் சிடி பிளேயரும் வந்திருந்த காலம் அது. கடலில் நாள்கணக்கில் கிடக்கிறவர்கள், வலையை இறக்கிவிட்டுக் காத்திருக்கும்போது பார்ப்பதற்கு. வீட்டில் கல்யாணம் நடந்தால் அந்த சிடி உறவுக்காரர் படகு எல்லாவற்றிலும் ஏற வேண்டும். தடை முடிந்து முதல் தடவை கடலுக்குப் போகையில் அதைத்தான் போடுவார்கள். எவன் பந்தியில் எத்தனை தடவை உட்கார்ந்தான் என்பதெல்லாம் நடுக்கடலில்தான் வெளியே வரும்.

மாப்பிள்ளையின் அம்மா, மீன் ஏலத்தில் அவர் குரல் கேட்டால் பேரம் தானாக அடங்கும், வீடியோ எடுத்த ஸ்டுடியோவிலேயே எட்டு காப்பி போடச் சொல்லிவிடலாம் என்றாராம். அதற்குத் தங்கச்சி, "எதுக்கு அத்தே? எங்கண்ணன் கம்ப்யூட்டர் வச்சினுகீறான். எட்டு போட்டுக்கும் அவனே போட்டுத் தருவான்" என்றிருக்கிறாள். அந்த வீட்டில் அவள் வாய் திறந்து சொன்ன முதல் பேச்சு அது.

"யாரு, வாந்தி மச்சானா?" என்று மாப்பிள்ளையின் பெரிய அண்ணன் கேட்க, வீடே சிரித்திருக்கிறது.

இதை என்னிடம் சொல்லும்போது அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு, "சொல்லிட்டேண்ணா. என் பேச்சு கீழ வுழாம பாத்துக்கோ" என்றாள்.

பார்த்துக்கொண்ட லட்சணத்தைக் கேளுங்கள்.

தடை முடிகிற நாளன்று மாலை படகுகளுக்குப் பூஜை. அதற்கு முன் சிடி கைக்கு வர வேண்டும். முந்தின நாள் என் தோஸ்து ஒருவன், கம்ப்யூட்டரையே ஓட்டுகிற புது ஓ.எஸ். சிடி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினான். "இதப் போடு மாமு, எல்லாம் ரெண்டு மடங்கு ஸ்பீடு." பழையதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் புதியதில் திரையே பளபளவென்று புதுப்பெண் மாதிரி இருந்தது. திறக்கும்போது ஒரு சங்கீதம் வேறு. சிடி வாங்க மாப்பிள்ளை வீட்டு ஆள் யாராவது வந்தால் அதைப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டாமா? போட்டேன். அந்தச் சங்கீதத்தை நாலைந்து தடவை நிறுத்தி நிறுத்திக் கேட்டேன்.

மறுநாள் காலை, ஸ்டுடியோக்காரர் கொடுத்திருந்த கல்யாண வீடியோவைக் காப்பி போட முதல் வெற்று சிடியைச் சொருகினேன். வழக்கமாக, கீழே இறங்கி ஒரு டீ குடித்து, டீ மாஸ்டரிடம் நாலு வார்த்தை வம்பு பேசிவிட்டு ஏறினால் சிடி தயாராக இருக்கும். அன்றைக்கு டீ ஆயிற்று, வம்பு ஆயிற்று, பேப்பரில் டெண்டர் விளம்பரம் வரைக்கும் படித்தாயிற்று. மேலே வந்தால் திரையில் எவ்வளவு எழுதியாயிற்று என்று காட்டுகிற கோடு நங்கூரம் போட்ட படகு மாதிரி அதே இடத்தில் நிற்கிறது. மவுஸ் நொண்டி நொண்டிப் போகிறது. கொஞ்ச நேரத்தில் ரைட்டர் பல்லை இளித்து சிடியை வெளியே துப்பியது. பாதி வெந்த சிடி. டீ கிளாஸ் வைக்க ஆகும்.

லென்ஸைத் துடைத்தேன். கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றி டேபிள் ஃபேனை அதன் வயிற்றுக்குள் திருப்பி வைத்தேன். எழுதும் வேகத்தைக் குறைத்தேன். கற்பூரம் காட்டாததுதான் பாக்கி. இரண்டாவது சிடியும் டீ கிளாஸுக்கே போயிற்று.

நேற்று என்ன செய்தோம் என்ற நினைப்பு எனக்கு வராமல் இல்லை. வந்தது, சீக்கிரமாகவே வந்தது. வாய் வரைக்கும் வந்தது. என் வாழ்க்கையிலேயே மேலே வந்த ஒன்றை நான் விழுங்கி அடக்கியது அந்த ஒரு தடவைதான்.

அப்போது தங்கச்சி வந்தாள். கழுத்தில் தாலிச்சரட்டின் மஞ்சள் இன்னும் மங்கவில்லை. கையில் தூக்குச்சட்டி, எனக்குப் பிடித்த வஞ்சிரக் குழம்பு.

"ஆச்சாண்ணா?"

"ஆய்க்கினே கீது."

"எத்தினி?"

"மொத சிடிதான் ஓடிக்கினு கீது."

"காலைலேர்ந்தா?"

"வோல்டேஜ் கம்மி."

அவள் தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்த்தாள். அது சுற்றிய சுற்றில் சுவரில் காலண்டர் பறந்துகொண்டிருந்தது.

வெற்று சிடி மட்டமான சரக்கு என்றேன். கீழே ஓடிப்போய் உசத்தியாக ஒரு கட்டு வாங்கி வந்தாள். அதிலும் ஒன்று வீணானதும், "உப்புக் காத்து. கடலாண்ட கம்ப்யூட்டர் வச்சா இப்படித்தான்" என்றேன்.

"நேத்து வரைக்கும் கடலு எங்க போயிருந்துச்சு?"

நான் மவுஸைத் தட்டுவதில் மும்முரமானேன்.

"நான் வேணா ஸ்டுடியோவுக்குப் போவட்டுமாண்ணா? இப்பப் போனா போட்டுக் குடுத்துடுவாரு. மத்தியானம் சாத்திக்கினு ரிசப்ஷனுக்குப் போயிடுவாராம்."

"எதுக்கு? அண்ணன் மேல நம்பிக்க இல்லியா?"

உட்கார்ந்துவிட்டாள். நான் வஞ்சிரக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கையைக் கழுவிக்கொண்டு வரும்போது அவள் இன்னொரு தடவை, இம்முறை தரையைப் பார்த்துக்கொண்டு, "ஸ்டுடியோ இன்னும் தொறந்துதான் இருக்கும்" என்றாள்.

"போ. போயி, வாந்தி மச்சானால முடியலன்னு ஊருக்கெல்லாம் சொல்லு."

இதைச் சொன்னால் அவள் போகமாட்டாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அவள் போகவில்லை. அதற்கப்புறம் கேட்கவும் இல்லை. பாழான சிடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

வெயில் சாயத் தொடங்கியபோது, "தெரிஞ்சவன் எவனாவது இருந்தா போன் பண்ணிக் கேளேன்" என்றாள். வேறு வழி தெரியாமல் தோஸ்துக்குப் போட்டேன். அப்போது நான் வைத்திருந்த செல்போனில் பேசினால் காதுக்குக் கேட்கிறதோ இல்லையோ, எதிர் வீட்டுக்குக் கேட்கும்.

"இன்னா மாமு! நேத்து போட்ட புது ஓ.எஸ். எப்டி ஓடுது?"

தங்கச்சி நிமிர்ந்தாள்.

"சிடி... சிடி எழுத லேட்டாவுது" என்றேன் மெதுவாக.

"நெனச்சேன்! ஓ.எஸ். மாத்தினா சில மிஷின்ல அப்டி ஆவும்டா. ரைட்டரு ஸ்லோ மோடுக்குப் போயிருக்கும். ஹார்டுவேர் லிஸ்ட்ல ரைட்டரு மாட்டிக்கீற சேனல அழிச்சிட்டு ரீஸ்டார்ட் பண்ணு, தானா வந்துரும். இதக் காலைலயே கேக்கறதுக்கு இன்னாடா?"

சங்கதி இதுதான். படகிலிருந்து மீன் இறங்கும்போது கூடையைத் தூக்க ஆட்கள் இருப்பார்கள். முதலாளி ஓரமாக நின்று கணக்குப் பார்ப்பார். கம்ப்யூட்டருக்குள்ளும் அப்படித்தான், அங்கே முதலாளி அதன் மூளை. சிடிக்குப் போகிற சரக்கைத் தூக்க ஓர் ஏற்பாடு தனியாக உண்டு. நான் புது ஓ.எஸ். போட்டதில் அந்த ஏற்பாடு நின்றுபோய், ஒவ்வொரு கூடையையும் முதலாளியே தலையில் சுமந்து நடந்துகொண்டிருந்திருக்கிறார். மவுஸ் நொண்டாமல் என்ன செய்யும்?

அழித்தேன். ரீஸ்டார்ட் செய்தேன். வெட்கம்கெட்ட அந்தச் சங்கீதம் ஒலித்தது. சிடியைச் சொருகியதும் ரைட்டர் பழையபடி விர்ரென்று இரைந்து சுற்றியது. காலையிலிருந்து நான் கேட்கத் தவித்த சத்தம். இப்போது அதைக் கேட்டுக்கொண்டு தங்கச்சியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நேத்தா போட்டே?" என்றாள்.

"ம்."

"வோல்டேஜுன்னியே."

"ம்."

"மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஸ்டுடியோவுக்குப் போயிருப்பேன்லண்ணா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். காசிமேட்டில் பிறந்தவனுக்குத் திட்டு புதிதா என்ன? அவள் கணக்குக் கேட்கிற மாதிரி சாதாரணமாகத்தான் கேட்டாள்.

நாலு சிடி முடிவதற்குள் கிளம்ப வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. ஸ்கெட்ச் பேனாவால் 'திருமணம்' என்று கோணலாக எழுதி மஞ்சப்பையில் போட்டுக்கொண்டேன். ஆட்டோ கொஞ்ச தூரம்தான் போயிற்று. துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் வால் எது தலை எது என்று தெரியாமல் நின்றன. இறங்கி லாரிகளின் ஓரமாகவே நடந்தோம். அவள் முன்னால், நான் பின்னால்.

"நாலு குடுப்போம். மீதி அடுத்த ட்ரிப்புக்குன்னு நான் சொல்லிக்கிறேன்," என்றாள் திரும்பாமல். "நீ வாயத் தொறக்காத."

காசிமேட்டில் பூஜை தொடங்கியிருந்தது. படகு முனைகளில் வாழைக்கன்றும் பூச்சரமும். உடைத்த பூசணிக்காய் காலில் வழுக்கியது. ஐஸ் நொறுக்குகிற சத்தத்துக்கு நடுவே யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளையின் பெரிய அண்ணன். படகு விளிம்பில் நின்று கையை ஆட்டினார்.

"மச்சான்! இன்னா க்ளியரு மச்சான்! இனிமே எவனாவது உன்ன வாந்தி மச்சான்னு சொல்லட்டும், நான் பாத்துக்கறேன்!"

அவர் கையில் ஒரு சிடி. அட்டை உறை போட்டு, அதில் தங்கச்சியும் மாப்பிள்ளையும் மாலையோடு சிரிக்கிற படம். ஸ்டுடியோக்காரர் போடுகிற உறை. அடுத்த படகிலும் ஒன்று. அதற்கடுத்த படகின் கூண்டுக்குள் டி.வி.யே ஓடிக்கொண்டிருந்தது, தாலி கட்டுவதற்காகத் தங்கச்சி தலை குனிகிறாள், சுற்றி நின்றவர்கள் விசில் அடிக்கிறார்கள்.

தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

கற்பூரத் தட்டோடு தங்கச்சியின் மாமியார் கடைசிப் படகிலிருந்து கரைக்கு இறங்கினார். ஏலக் குரலில், "எல்லா போட்டுக்கும் வந்துச்சா? என் மருமவளோட அண்ணன் போட்டுக் குடுத்தது. பத்திரமா வையுங்க!" என்றார். ஆட்கள் என் பக்கம் திரும்பிக் கும்பிடாத குறையாகச் சிரித்தார்கள். ஒருவர் வந்து என் தோளில் தட்டினார். மீன் ஏலத்தில் அழுகிய சரக்குக்கு நல்ல விலை கிடைத்துவிட்டால் அந்த மீனுக்கு எப்படி இருக்குமோ, எனக்கு அப்படி இருந்தது.

ஸ்டுடியோ மத்தியானமே சாத்தியிருக்கும். அப்படியானால் இந்த அம்மாள் காலையிலேயே அங்கே போயிருக்கிறார். தங்கச்சி தூக்குச்சட்டியோடு என் அறைக்குக் கிளம்பின கையோடு போயிருக்க வேண்டும். எட்டையும் வாங்கி, எட்டுப் படகிலும் ஏற்றி, என் பெயரையும் சொல்லியிருக்கிறார்.

எதையாவது ஒன்றை உண்மையாகச் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. தட்டு என் பக்கம் வந்ததும் நான் கற்பூரத்தைத் தொடவில்லை. மஞ்சப்பையைத் திறந்து உள்ளே கையை விட்டேன்.

"அத்தே, நான் போட்டது இங்க கீது. நாலுதான். நேத்து நான் தேவையில்லாம..."

அவர் தட்டைப் பார்த்தபடியே, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

"மொதல்ல அந்தப் பைய மூடு."