ஆளைக் காட்டாமல் காட்டிய வீடு

வவுனியாவில் காலியாய்க் கிடக்கிற வீடுகளைக் கைபேசியில் சுற்றிக் காட்டி, வர முடியாதவர்களுக்கு வாடகைக்குப் பிடித்துக் கொடுப்பது என் தொழில். தமிழும் சிங்களமும் தெரிந்து, நாற்பத்தெட்டு வயதில் ஊர் திரும்பியவனுக்கு மிஞ்சியது இதுதான். வீடு தேடி அலைந்தவர்களே, மீதி உங்களுக்கே விளங்கும்.

கிழமைக்கு மூன்று தரம்

முல்லைத்தீவுக் கரையிலிருந்து மேரி அழைத்தா. கணவர் அந்தோனிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. கிழமைக்கு மூன்று தரம் வவுனியா ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். வீடு பார்க்கவென்று இன்னொரு பயணம் வர அவருக்குத் தெம்பில்லை.

"கிட்டவா ஒரு கூரை போதும் அண்ணை. பஸ்ஸில போய் வந்தே இவர் முடிஞ்சிடுவார்."

நாலு வீடு

நோயாளி என்றதும் மூன்று வீட்டில் கதவைச் சாத்தினார்கள். நாலாவது வீட்டுக்காரர் கதிரை போட்டு, தேத்தண்ணி தந்து, அன்பாகத்தான் சொன்னார்:

"இஞ்ச ஒரு செத்தவீடு நடந்தா, பிறகு ஆர் தம்பி வாடகைக்கு எடுப்பினம்?"

ஐந்தாவது

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் குறுகலான ஒழுங்கையில் ஒரு வீடு. சொந்தக்காரி ஓய்வுபெற்ற ஆசிரியை, தனியாள், பக்கத்து வளவில் இருக்கிறா. "புருசன் பெண்சாதி, அமைதியான ஆக்கள்" என்றேன். நோயைச் சொல்லவில்லை. பிறகு கைபேசியைத் திருப்பிக் குசினி, கிணறு, படியில்லாத கக்கூஸ் எல்லாம் காட்டி, கடைசியாய் யன்னலைத் திறந்தேன். திரைக்குள் அந்தோனியின் முகம் கிட்ட வந்தது.

"அந்தா ஆஸ்பத்திரி! அப்ப நான் நடந்தே போவன்."

பால்

குடிபுகுந்த காலையில் ஆசிரியை தானே வந்து பால் காய்ச்சினா. மாதா படத்துக்கு ஒரு கும்பிடு போட்டு, முதல் பேணிப் பாலை அந்தோனியிடம் நீட்டினா. அவருக்குத் தண்ணீரே அளந்துதான். ஒரு வாய் குடித்துவிட்டு வைத்தார்.

"முழுக்கக் குடியும், நல்ல நாள்."

மேரி பதறி, "இவருக்கு ஒரு வாய்தான் அம்மா" என்றா. ஆசிரியை பேணியைப் பார்த்தா, பிறகு அவர் கையில் ஊசி குத்திப் புடைத்திருந்த நரம்பைப் பார்த்தா. சத்தம் போடாமல் என் பக்கம் திரும்பினா.

"என்ர மனிசனும் இந்தக் குசினியில இப்பிடித்தான் ஒரு வாயோட வைக்கிறவர். இன்னொருக்கா என்னால பாக்க ஏலாது, தம்பி."

திரும்பிய லொறி

பாதி இறக்கிய சாமானைத் திரும்ப ஏற்றினோம். மேரி பேணியைக் கழுவிக் கவிழ்த்தா. திட்டுவா என்று காத்து நின்றேன்.

"அடுத்த வீட்டை எங்களுக்குக் காட்டேக்க, எங்களையும் வீட்டுக்காரருக்குக் காட்டிவிடுங்கோ அண்ணை."

இப்போதெல்லாம் கைபேசியை இரண்டு பக்கமும் திருப்பித்தான் தொழில் செய்கிறேன், ஒரு பொய்யும் இல்லை, அந்தோனியும் இன்னும் பஸ்ஸில்தான் வந்து போகிறார்.