மவுஸுக்குப் பொட்டு வைக்கும் இடம்

நான் கம்ப்யூட்டர் புத்தகம் எழுதுகிறவள். படித்தது ஐந்தாவது வரை. மில்லில் நூல் சுற்றினேன். மில்லை மூடியதும் ஓர் அச்சகத்தில் பாரம், அதாவது அச்சடித்த பெரிய தாள், மடிக்கப் போனேன். அங்கே நான் மடித்த ஒரு புத்தகத்தில் கம்ப்யூட்டர் எந்த நாட்டில் பிறந்தது, எப்படி வளர்ந்தது என்பதெல்லாம் இருந்தது. "இதை வெச்சி அதுக்கு ஜாதகம் எழுதலாம், தொடத்தான் முடியாது" என்றேன். "அப்ப நீயே எழுதும்மா" என்று முதலாளி சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எழுதினேன்.

இப்போது ஏழெட்டுப் புத்தகம் ஆகிவிட்டது. அச்சகத்துக் கம்ப்யூட்டரில் நானே செய்து பார்த்த பிறகுதான் எதையும் எழுதுவேன். என் வாயில் வராத வார்த்தை புத்தகத்திலும் வராது. எழுத்துப்பிழையை டைப் அடிக்கிற பெண் திருத்திவிடுவாள், அதற்குத்தானே அவள் படித்தாள். பின் அட்டையில் அச்சகத்துப் போன் நம்பரோடு ஒரு வரி உண்டு: "இதில் உள்ளபடி செய்தும் வரவில்லை என்றால் நானே நேரில் வருவேன்." எந்தப் பேராசிரியராவது அப்படி எழுதட்டும் பார்க்கலாம்.

ஒரு வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் முதலாளி போன் செய்தார்.

"எம்மா, நெல்லித்தோப்புல ஒரு பொண்ணு உன் புக்கைப் பாத்து கத்துக்கினு, ஆன்லைன்ல அப்ளிகேஷன் போட்டுத் தர்ற கடை வெச்சிருக்குது. இன்னிக்குத்தான் தொறப்பு. மவுஸ நகத்துனா திரையில அம்பு நகரவே மாட்டுதாம். புக்குல பொய் எழுதியிருக்குதுன்னு கத்துது."

"கம்ப்யூட்டர் வித்தவனக் கேக்கச் சொல்லு."

"அவன் லீவுல போன எடுக்கல. இன்னொண்ணும் கேட்டுக்க. மறுபதிப்புக்குப் பேப்பர் வாங்கி வெச்சிட்டேன். புக்குல தப்புன்னா உன்னுத அடிக்க மாட்டேன். ஒரு காலேஜ் சார் எழுதித் தர்றேன்னிருக்காரு."

நிதானமாகத்தான் புறப்பட்டேன். அவசரப்பட்டு ஓடினால் தப்பு என்னுடையது என்றாகிவிடும். காப்பி குடித்து, கல்யாணத்துக்கு உடுத்துகிற புடவையை உடுத்திக்கொண்டு, அரியாங்குப்பத்தில் பஸ் ஏறினேன்.

கடை வாசலில் பூசணிக்காய் உடைந்து கிடந்தது. அதைத் தாண்டி நாலைந்து பேர் காத்திருந்தார்கள். முதலாளி ஸ்கூட்டரில் முன்னாலேயே வந்துவிட்டார். உள்ளே கம்ப்யூட்டர், சாமி ஊர்வலத்துக்குக் கிளம்பினது போல இருந்தது. திரைக்கு மேலே விபூதிப் பட்டை, பெட்டிக்கு மாலை, பிரிண்டர் தலையில் எலுமிச்சம்பழம்.

"நீங்கதான் புக்கு எழுதுனதா, ஆயா?" என்றாள் கடைக்காரப் பெண்.

"எழுதுனது நான்தான். ஆயா எவ?"

"மவுஸ நகத்துனா அம்பு நகரும்னு போட்டிருக்கீங்க. காலையிலேருந்து தேச்சிக்கினே இருக்கேன், மேசதான் பளபளன்னு ஆச்சு. வெளிய நிக்கிறவங்க திரும்பிப் போயிட்டா இனிமே என் கடைக்கு எவன் வருவான்?"

நானும் தேய்த்தேன். அம்பு அசையவில்லை. முதலாளி என்னை, நாடி பார்த்துவிட்டுக் கையை விடுகிற டாக்டர் போலப் பார்த்தார். மவுஸைத் திருப்பினேன். அதன் வயிற்றில், வெளிச்சம் வருகிற கண்ணின் மேலேயே, சந்தனம் அப்பி நடுவில் குங்குமம் வைத்திருந்தது.

"இங்க ஏம்மா வெச்ச?"

"மவுஸ் முதுகுல எண்ண, ஈரம் எதுவும் படக்கூடாதுன்னு நீங்கதான எழுதியிருக்கீங்க? பூசைக்குப் பொட்டு வெக்காமயும் விட முடியாது. அதான் வயித்துல வெச்சேன்."

முந்தானையால் துடைத்து மேசையில் வைத்தேன். அம்பு துள்ளிக்கொண்டு ஓடியது. முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மவுஸுக்கு எதுக்கும்மா பொட்டு?"

"உங்க மிஷினுக்கு நீங்க வெக்கல?" என்றாள் அவள்.

அச்சகத்து மிஷினுக்கு அவர் முகம் தெரியாத அளவுக்குக் குங்குமம் அப்பியிருந்தது எனக்குத் தெரியும். சிரிப்பு நின்றது.

"சரிம்மா, புக்குல தப்பில்ல. அப்படியே அடிச்சிடுறேன்."

"அப்படியே அடிக்கக் கூடாது. பொட்டு எங்க வெக்கணும்னு ஒரு பக்கம் சேக்கணும்."

"கம்ப்யூட்டர் புக்குல பொட்டா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கிறவன் புக்கு வாங்க மாட்டான். வாங்குறவ இவள மாதிரி பூச போட்டுட்டு அழுவா. அந்தப் பக்கம் இல்லன்னா என் புக்கே வேணாம். உன் காலேஜ் சாரையே எழுதச் சொல்லு. அடுத்த பூசைக்கு மறுநாள் போன் வந்தா, அவரையே பஸ் ஏத்தி அனுப்பு."

முதலாளி யோசித்தார். "கடைசியில போடலாமா?"

"மொதல்ல போடு. சுவிச்சப் போடுறதுக்கு முன்னாடியே பூச போட்டுடுறாளுங்க."

அவர் போனைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். நானும் அந்தப் பெண்ணும் உட்கார்ந்து இடம் பார்த்தோம். திரைக்கு மேல் சட்டம். பெட்டிக்கு நெற்றி, காற்று போகிற ஓட்டையில் கூடாது. கீபோர்டுக்கு ஓரம். மவுஸுக்குத்தான் இடமே இல்லை. வயிற்றில் கண்ணை வைத்தவன் இந்த ஊர்க்காரனைக் கேட்டிருந்தால் பொட்டுக்கும் ஓர் இடம் விட்டிருப்பான். கடைசியில் வாலில், அதுதான் ஒயரில், வைக்கச் சொன்னேன்.

"வால்ல வெச்சா சாமி கோச்சிக்காதா?"

"சாமி வந்து மவுஸ் புடிக்கட்டும், அப்ப பேசிக்கலாம்."

வாலில் பொட்டை வைத்துவிட்டு அவள் முதல் ஆளைக் கூப்பிட்டாள். வெளியே முதலாளி போனில் இழுத்துக்கொண்டிருந்தார்: "இல்ல சார், நீங்க எழுத வேணாம் சார். பூச சம்பந்தமா கொஞ்சம் இருக்குது சார். அது உங்களுக்கு வராது சார்."