சிரித்தால் விழுகிற மாமா

எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு ஒன்பது வயது. மலையாள எல்லையில் கோபாலபுரம் செக்போஸ்டுக்கு மேற்கே எங்கள் கடலைக்காடு. அம்மாவின் தம்பி எங்களோடுதான் இருந்தார். ஏர் பிடிப்பார், மூட்டை தூக்குவார், நடுப்பகலில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கியும் போவார். அதையாவது சோம்பல் என்று தள்ளிவிடலாம். யாராவது சிரிக்க வைத்துவிட்டால் ஆள் விழுந்துவிடுவார். முதலில் தாடை தொங்கும், பிறகு முழங்கால் மடியும், அப்புறம் தரைதான்.

கள் என்று சொன்ன ஒருவர் வாயை மோந்து பார்த்து ஏமாந்தார். வலிப்பு என்று கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள். மாமா இரண்டு நிமிடத்தில் எழுந்து, சாவியை உரியவரிடம் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவார். இது தூக்க நோயோடு சேர்ந்து வருவது என்று கோவை டாக்டர் ஒருவர் சொன்னது பல வருஷம் கழித்து.

எனக்கோ அது பெரிய ஆராய்ச்சி. திட்டினால் விழவில்லை, ஓடினாலும் விழவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்து மலையாள மாஷ் மூக்குப்பொடி போட்டுத் தும்முவதை நடித்துக் காட்டினேன். கடலைக்கொடி மேல் பொத்தென்று சரிந்தார். காதருகே குனிந்து, “மாமா, நான் பேசறது கேக்குதுங்களா?” என்றேன். இமை மட்டும் துடித்தது.

எழுந்ததும் சொன்னார்: “எல்லாங் கேக்குது அம்முணி. ஒடம்புதான் எம்பேச்சைக் கேக்க மாட்டீங்குது.”

அந்த வருஷம் தம்பி பிறந்தான். எனக்குப் பிறகு இரண்டு தங்காமல் போய், அப்புறம் வந்தவன். அப்பா குழந்தையை மாமாவிடம் நீட்டினார். மாமா கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அப்பாவின் முகம் சுண்டிப்போயிற்று. கூடப் பிறந்தவனே தொடவில்லையே என்று அம்மா அழ ஆரம்பித்தாள்.

நான் பின்னாலேயே போனேன். மாமா வைக்கோல்போர் ஓரம் சரிந்து கிடந்தார். யார் சிரிப்புக் காட்டியிருப்பார்கள் என்று சுற்றிலும் பார்த்தேன். ஓர் எருமை மட்டும் நின்றது. அவர் எழுந்ததும் கேட்டேன்.

“ஆரும் சிரிக்க வெக்கலை. அவன் வெரலைப் பாத்தேன், அவ்வளவுதான். கையில வாங்கியிருந்தா கீழ போட்டிருப்பேன் அம்முணி.”

உள்ளே ஓடி அதை அப்படியே அம்மாவிடம் ஒப்பித்தேன். அழுகையை நிறுத்தி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மாமாவைக் கூட்டிவரச் சொன்னாள்.

“கீழ உக்காரு சாமி” என்றாள்.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவரின் மடியில் குழந்தையைக் கிடத்தி, அடியில் தன் கையையும் கொடுத்துக்கொண்டாள். மாமாவின் தலை மெல்ல மார்பில் கவிழ்ந்தது. கைகள் இரண்டும் பக்கத்தில் துவண்டு விழுந்தன. குழந்தை அசையாமல் தூங்கியது. அம்மா மறுபடி அழுதாள்.

அவள் ஆசைப்பட்டதுதான் நடந்துவிட்டதே, இன்னும் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவேயில்லை.