ஒரு செயலி, இரண்டு கழுத்துகள்

கழுத்துப் பயிற்சி தொடங்கிய பன்னிரண்டாம் நாள் காலையில் இடப்பக்கம் திரும்பி, என் தோளுக்குப் பின்னால் வேலியின்மேல் நின்ற சேவலைப் பார்த்தேன். உடம்பைத் திருப்பவில்லை, கழுத்தை மட்டுமே திருப்பினேன். இரண்டு ஆண்டுகளாக எனக்கு வாய்க்காத காட்சி அது. வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்த வீட்டுக்கார அக்காவிடம் ஓடி, "அக்கா, சேவல் தெரியுதுங்க்கா!" என்று கத்தினேன்.

"ஏன் கண்ணு, நேத்து வரைக்கும் அது கோழியாவா இருந்துச்சு?" என்றார்.

மலைமேல் செம்மேட்டில், உழவர்களுக்கான ஓர் அமைப்பின் அலுவலகத்தில் எனக்கு வேலை. நாள் முழுதும் மடிக்கணினியின்மேல் குனிந்திருந்ததில் கழுத்துவலி வந்து, வந்ததும் போகாமல் தங்கிவிட்டது. எலும்பில் ஆபத்து ஏதுமில்லை, பயிற்சிதான் மருந்து என்று நாமக்கல்லில் மருத்துவர் சொன்னார். வாரந்தோறும் கீழே இறங்கிப்போய், அங்கிருந்த பயிற்சி நிபுணரிடம் கழுத்தைத் தளர்த்திக்கொண்டு திரும்புவேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறி முடிப்பதற்குள் கழுத்து பழையபடி இறுகிவிடும். வைத்தியத்துக்குப் போய்வருவதே வலியை வளர்க்கிறது என்று நான் முறையிட்ட அன்றுதான், அந்த நிபுணரே என் கைப்பேசியில் ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தார்.

தினமும் காலையில் அது ஒரே கேள்வியைக் கேட்கும்: பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் இன்று உங்கள் வலி எவ்வளவு? நான் தரும் எண்ணைப் பார்த்து அன்றைய பயிற்சிகளைத் தேர்ந்தெடுக்கும். வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. ஆகவே காலை ஆறு மணிக் குளிரில், முற்றத்துக் கோடியில் பலா மரத்தடியில் நின்று, திரையில் தோன்றும் இளம்பெண்ணைப் பார்த்து நானும் கழுத்தை அசைப்பேன். சேவலைப் பார்த்த மறுநாளிலிருந்து அக்காவும் என் பக்கத்தில் வந்து நின்றார்.

அவருக்கு என்னைவிடப் பெரிய காரணம் இருந்தது. தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களில் அவருடைய மிளகுக் கொடிகள் படர்ந்திருக்கின்றன. பறிப்புக் காலத்தில், மூங்கில் ஏணியின்மேல் நின்று காலை முதல் பொழுது சாயும்வரை அண்ணாந்தே இருக்க வேண்டும். போன தையில் கழுத்துவலி பொறுக்காமல் பாதியில் இறங்கிவிட்டார். மீதி மரங்களை வேறு ஆட்கள் பறித்தார்கள். ஏணியைக் கண்டபடி இழுத்துச் சாய்த்ததில் கொடிகள் கிழிந்து தொங்கின. "இந்தத் தையில என் கொடியில என் கையைத் தவிர வேற கை படக்கூடாது" என்றார். அதற்கு இரண்டு மாதமே இருந்தது.

எனக்கோ கால் தரையில் பாவவில்லை. நகரத்து அலுவலகக்காரர்களுக்காகச் செய்யப்பட்ட ஒரு கருவி, மலையில் மிளகு பறிக்கும் பெண்ணுக்கும் உதவப்போகிறது! எங்கள் அமைப்பின் எல்லா ஊர்களுக்கும் இதைக் கொண்டுபோவது குறித்து மனத்துக்குள் அறிக்கையே எழுதத் தொடங்கிவிட்டேன். எதைச் செய்தாலும் விளைவை எண்ணிப் பார்ப்பவள் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பு உண்டு. ஆனால், அந்தச் செயலி யாருடைய வலியைக் கேட்கிறது என்பதை மட்டும் எண்ணிப் பார்க்கவில்லை.

இங்கே ஒரு வீட்டில் ஒரு கைப்பேசி இருந்தால் அது வீட்டுக்கே பொது. யார் பெயரில் இருக்கிறது என்று எவரும் பார்ப்பதில்லை. அக்காவிடம் இருந்தது, பேச மட்டும் உதவும் சிறிய பட்டன் போன்தான். அதனால் என் கைப்பேசியிலேயே இருவரும் பழகினோம். எண்ணை நான் போடுவேன். பயிற்சியை இருவரும் செய்வோம். என் வலி ஐந்தாகி, மூன்றாகியது. செயலி மகிழ்ந்து என்னை அடுத்த படிக்கு ஏற்றியது. துண்டைப் பின்னந்தலையில் கொடுத்து இழுத்துப் பிடித்து, அதற்கு எதிராகத் தலையை அழுத்த வேண்டும். அக்காவும் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார்.

மறுநாள் காலை அவர் கையிலிருந்து சொம்பு நழுவி விழுந்தது. "வலது கை மரத்துப்போச்சு கண்ணு" என்றார்.

அன்றே செம்மேட்டு அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். மருத்துவர் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, தம் கையை இறுக்கிப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தார். நரம்பில் கெடுதல் தெரியவில்லை, தசைக்குத் தாங்காத வேலை கொடுத்திருக்கிறீர்கள் என்றார். ஒரு வாரம் ஓய்வு. பிறகு முதல் படியிலிருந்து தொடங்கலாம். கை மறுபடி மரத்துப்போனால் உடனே வர வேண்டும். "யார் சொல்லி இதைப் பண்ணுனீங்க?" என்று கேட்டார். நான் பள்ளிப்பிள்ளைபோல் கையைத் தூக்கினேன். "உங்க மாத்திரையை அவங்களுக்குக் குடுத்த மாதிரிதாம்மா இது" என்றார்.

வரும் வழியில், "இந்த ஆப்பையே அழிச்சுடறேங்க்கா" என்றேன்.

"நீ பாட்டுக்கு அழிச்சுப்போட்டீன்னா, தையில நான் ஏணியில எப்படி நிக்கறது? எனக்குன்னு தனியா ஒன்னு போட்டுக் குடு."

ஒரு வாரம் கழித்து, அவர் பெயரில் தனிக் கணக்குத் தொடங்கினோம். என்ன வேலை என்று கேட்டது செயலி. அலுவலகம், வாகனம் ஓட்டுதல், வீட்டு வேலை, விளையாட்டு என்று நான்கே விடைகள்.

"மொளகு பறிக்கறதுன்னு போடு."

"அது இல்லீங்க்கா."

"அப்ப வெளையாட்டுன்னு போடு. கீழ நின்னு பாக்கறவங்களுக்கு அப்படித்தான தெரியுது."

வீட்டு வேலை என்று குறித்தேன். விடுபட்ட வேலையைப் பற்றிச் செயலியைச் செய்தவர்களுக்கு அன்றே எழுதினேன். இன்னும் பதில் வரவில்லை. வலி எவ்வளவு என்ற கேள்விக்கு அக்கா நெடுநேரம் யோசித்து, "ஏழு" என்றார். இத்தனை நாளும் அவர் பக்கத்தில் நின்றிருந்த நான், அந்த எண்ணைக் கேட்டதே இல்லை.

முதல் படியில், தாடையைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தும் சிறு அசைவு மட்டுமே இருந்தது. "எனக்கு மட்டும் ஒன்னாங்கிளாசா?" என்று முகம் சுளித்தவர், செய்து பார்த்ததும் சிரித்துவிட்டார். "இது எனக்குத் தெரிஞ்சதுதான். குடிச்சுப்போட்டு ஒருத்தன் மூஞ்சிகிட்ட வந்து பேசுனா இப்படித்தான பின்னால இழுப்போம்!" அதன்பிறகு எங்கள் முற்றத்தில் அந்தப் பயிற்சிக்கு அதுவே பெயர். எண் ஏழிலிருந்து ஆறாகி, ஒருநாள் எட்டாகி, மார்கழிக் கடைசியில் நாலில் வந்து நின்றது. கை மரக்கவில்லை.

தையில் பறிப்புத் தொடங்கிய அன்று விடுப்பு எடுத்தேன். அரை மணிக்கு ஒருமுறை கைப்பேசியில் மணி அடிக்கும். அடித்ததும் அவர் இறங்க வேண்டும் என்பது ஒப்பந்தம். முதல் மணி அடித்தது. "இந்தச் சரம் ஒன்னு மட்டும் கண்ணு" என்று மேலேயிருந்து குரல் வந்தது. ஒன்று மூன்றாயிற்று. ஏணியைப் பிடித்தபடி மறுபடி கூப்பிட்டேன். பிறகு இறங்கினார். மரத்தில் முதுகைச் சாய்த்து, தாடையைப் பத்து முறை பின்னுக்கு இழுத்தார். வலது கையை விரித்து மூடிக் காட்டிவிட்டு மறுபடி ஏறினார்.

இரண்டாம் மணிக்கு, நான் கூப்பிடுமுன்பே இறங்கி வந்தார்! மாலைக்குள் நான்கு மரங்கள் முடிந்திருந்தன; ஒரு கொடிகூடக் கிழியவில்லை. அன்றைய எண்ணை அவரே தம் விரலால் அழுத்தினார்: ஐந்து.

"கூடிருச்சேங்க்கா."

"நாலு மரம் பறிச்சவளுக்கு அஞ்சு கம்மிதான். நாளைக்கு மூனு மரம் போதும்."

ஏணியைத் தோளில் சாய்க்கப் போனவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அது சரி, காலையில இருந்து கீழ நின்னு அண்ணாந்து பாத்துக்கிட்டே இருக்கறயே, உன் கழுத்துக்கு யாரு மணி அடிக்கறது? ம்... குடிகாரன் வாரான், இழு!"

இழுத்தேன்.